விளக்கெண்ணெய்க்குக் கரையாத கட்டி

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது விதைக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு கட்டி. மூன்று மாதம் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

படூரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் டிரைவர் நான். எங்கள் தொழிலில் இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர், சூடு. நாள் பூரா சீட்டில் உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும்? படுக்கப் போகும்முன் தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டேன். பட்டாணி கோலிக்குண்டாகிவிட்டது.

பெட்ஷீட் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"இன்னாயா இது, பெட்ஷீட்டு பூரா எண்ணெ?" என்றாள் மனைவி. மழுப்பிப் பார்த்தேன், அவள் விடவில்லை. சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசமா எண்ணெ தடவிகினு இருந்தியா? வண்டில ஒரு சத்தம் வந்தா மட்டும் ஒடனே மெக்கானிக்காண்ட ஓடுற இல்ல?"

மறுநாளே செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கட்டி விதையில் இல்லை, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் விந்துக்குழாய்ச் சுருளில் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். என்ன கட்டி என்பது ஸ்கேனில் தெரியாதாம். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். கேன்சரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் கேட்டாள்.

"இந்த எடத்துல பெரும்பாலும் இருக்காதும்மா. ஆனா பாக்காம சொல்ல மாட்டேன்."

பின்பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. எங்கள் பெண் அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி குத்த வந்தவர் ஒரு பெண் டாக்டர். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கட்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க" என்றார். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி. உள்ளே போய் நாலைந்து முறை முன்னும் பின்னும் நகர்ந்தபோது உயிர் போய் வந்தது உண்மை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். கண்ணாடித் துண்டுகளில் தடவினார்.

"அவ்ளோதானா டாக்டர்?"

"அவ்ளோதான். பஞ்ச அழுத்திப் புடிங்க."

இதற்கா மூன்று மாதம் பயந்தோம் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை, டி.பி.! சாயம் போட்டுப் பார்த்ததில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்தனவாம். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றார் டாக்டர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்று கூட்டாளி டிரைவருக்குப் போன் போட்டேன்.

"மச்சான், டி.பி.தான் மச்சான்!"

பக்கத்தில் நின்றவர் நாலடி தள்ளிப் போய் நின்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த இரண்டு இரவும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இவளுக்கு மட்டும் எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். திருப்போரூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். செங்கல்பட்டைக்கூடத் தாண்டவில்லை, என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தாள். திருப்போரூரில் தட்டி எழுப்பினேன்.

"தூங்க வுடுயா. ரெண்டு நாளா கண்ணே மூடல" என்று மறுபடி சாய்ந்துகொண்டாள்.

நாங்கள் இறங்க வேண்டிய கேளம்பாக்கம் வரும்வரை, யாரும் சொல்லாமலே, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.