கடைசி வரிசையில் என் மகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கங்கம்மாவின் அடியார்களாகிய உங்கள் முன் என் மகள் உயிர் பிழைத்த செய்தியை வைக்கிறேன். இது அழுது பெற்ற வரமன்று. சண்டையிட்டுப் பெற்றது.

நான் பாகாலா ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தவன். பள்ளி அறியாதவன், கண்ணில் பட்ட தாளையெல்லாம் படித்தே எழுத்தைக் கற்றேன். புதிய கம்பெனிகள் வந்த காலத்தில், சித்தூர் சாலையிலுள்ள மாம்பழக்கூழ்க் கிடங்கில் சுமை ஆட்களுக்கு மேஸ்திரி ஆனேன். என் மகள் கஸ்தூரி அங்கேயே குளிர் அறைகளில் வேலை செய்தாள். கூழ் நிரம்பிய இரும்புப் பீப்பாய்களில் ஒட்டிய சீட்டை ஸ்கேனரால் படித்து, வயர்லெஸ் வழியாகக் கணினிக்கு அனுப்புவது அவள் பணி. யார் எங்கே நிற்கிறார் என்பதையும் அந்த ஸ்கேனரே அலுவலகத் திரையில் காட்டும். ஆபத்தென்றால் அழுத்த அதில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு.

அந்த வயர்லெஸ்ஸைச் சோதித்தபோது அறைகள் காலியாக இருந்தன. மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் கிடைத்தது. மாம்பழப் பருவம் வந்து, பீப்பாய்கள் கூரை வரை ஏறியதும் பின்வரிசைகளில் அற்றுப்போனது. அங்கே வேலை செய்யும் பெண்கள் கதவருகே வந்து, ஸ்கேனரைத் தூக்கிப் பிடித்து, சேர்த்துவைத்ததை அனுப்புவார்கள். "கதவுக்குக் கற்பூரம் காட்டிட்டு வரேன் நைனா" என்று கஸ்தூரி கேலி செய்வாள். நான் மேலாளரிடம் பலமுறை முறையிட்டேன். பருவம் முடியட்டும் என்றார்.

கங்கம்மா ஜாத்திரைத் திருவிழா முடிந்த வாரம். மாலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் புறப்பட நின்றது. கஸ்தூரி வரவில்லை. லாரி நிற்கும் மேடையில் இருப்பதாகத் திரை காட்டியது. மேடையில் அவள் இல்லை. ஸ்கேனர் கடைசியாகத் தொடர்பில் இருந்த இடத்தையே திரை காட்டிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"திரை பொய் சொல்லாது மேஸ்திரி. பொண்ணு பின்கேட்டு வழியா சினிமாவுக்குப் போய்க்கினு இருக்கும்" என்றான் குமாஸ்தா. சிலர் சிரித்தார்கள்.

நான் ஒரு குளிர் அறைக்குள் ஓடித் தேடினேன். கூப்பிட்ட குரலைக் காற்றாடிகளின் இரைச்சல் தின்றது. கை மரத்து வெளியே வந்தேன். இன்னும் எத்தனையோ அறைகள் இருந்தன. எதில் நுழைவது?

அங்கேயே நின்று கங்கம்மாவைத் திட்டினேன். ஜாத்திரையில் வேஷம் கட்டி அவளை ஏசுவது நம் நேர்த்திக்கடன்தானே? ஆண்டுதோறும் முறைக்காக ஏசியவன், அன்று மனமார ஏசினேன். "எம் பொண்ண எடுத்துக்கினா உன் கோயில் பக்கம் தலவெச்சும் படுக்க மாட்டேன். அப்புறம் உன்ன எவன் கும்பிடறான்னு பாக்கறேன்டி." எழுதத் தகாத சொற்களை விட்டுவிடுகிறேன்.

அந்நேரம் ஒரு லாரிக்குச் சரக்கு வேண்டி, ஃபோர்க்லிப்டு ஓட்டுநர் மூன்றாம் அறையின் முன்வரிசைப் பீப்பாய்களை வெளியே எடுத்தார். உடனே திரை அலறியது. சிவப்பில் கஸ்தூரியின் பெயர். மூன்றாம் அறை.

ஓடினோம். கடைசி வரிசையில், சரிந்த பீப்பாய்களுக்கிடையே கால் சிக்கிக் கிடந்தாள். கட்டைவிரல் பொத்தானை விட்டு நகரவில்லை. "அமுக்கிக்கினே கீறேன் நைனா. யாருமே வரல" என்றாள்.

காலில் இரு விரல்கள் போயின. உயிர் நின்றது.

மேலாளர் கிடங்கில் பூசை வைத்தார். அம்மன் படத்துக்குப் பெரிய மாலை, ஒரு அண்டா பொங்கல். என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார். நான் எழும்போது என் காதருகே, "அம்மாவே காவலா கீறாங்க மேஸ்திரி. இனிமே புதுசா வயர்லெஸ் பெட்டி எதுக்கு, வீண் செலவு" என்றார்.

நான் அம்மனைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "சார், அம்மா அவ வேலைய செஞ்சிட்டா. உங்க வேலைய அவ தலைல கட்டாதீங்க. கடைசி வரிசைக்கு சிக்னல் வர்ற வரைக்கும் எங்க ஆளுங்க உள்ள போவ மாட்டாங்க."

வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். வெளியே பழ லாரிகள் நீண்டன. சுமை ஆட்களில் ஒருவரும் அசையவில்லை. பெண்கள் பொங்கலைத் தொடாமல் வந்து எங்களருகே நின்றார்கள்.

திருப்பதியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வரவழைக்கப்பட்டார். அறை நிறைந்திருக்கும்போதே சந்து சந்தாக நடந்து சோதித்தார். இரும்பும் உறைந்த கூழும் அலையை விழுங்கிவிடும், முன்வரிசை விலகியதால்தான் வழி கிடைத்தது என்று விளக்கினார். அப்படியானால் உன் அம்மன் செய்தது என்ன என்று குமாஸ்தா என்னைக் கேட்டான். வழி எதுவென்று பொறியாளர் அம்மையார் சொல்லிவிட்டார், அந்நேரத்தில் அதைத் திறந்தவள் யாரென்று நான் சொல்கிறேன் என்றேன். சந்துதோறும் வயர்லெஸ் கருவிகள் பொருத்தப்பட்ட பின்பே உள்ளே கால் வைத்தோம்.

இப்போது பருவந்தோறும், பீப்பாய்கள் ஏறியபின், நானே ஸ்கேனரோடு கடைசி வரிசைக்குப் போய்ப் பொத்தானை அழுத்துகிறேன். திரையில் என் பெயர் சிவந்தால்தான் ஆட்களை அனுப்புவேன். கஸ்தூரி சற்றே சாய்ந்து நடக்கிறாள். வேலையை விடவில்லை.

துன்பத்தில் இருப்பவர்களே, அம்மாவை நம்புங்கள். கெஞ்ச வரவில்லையென்றால் சண்டை போடுங்கள், கோபிக்க மாட்டாள். மனிதர் செய்ய வேண்டியதை மனிதரிடமே கேளுங்கள், தலை குனியாமல்.

இந்த அற்புதத்தை எங்கள் மேலாளர் இன்றும் விருந்தினருக்குச் சொல்கிறார். அவர் சொல்லும் கதை பூசையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இந்தத் தாளை முழுதாகக் காத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.