மூன்றாம் டன்னலுக்கு ரிலீஃப் வரவில்லை

1. ஏறிய நாள்

1944 ஜனவரி 26, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஈரம் குடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேற்கு மலை லைனின் முதல் டன்னல் வாயில் நின்றுகொண்டு, பையில் தீப்பெட்டி எத்தனை இருக்கிறது என்று மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். நான்கு. போதுமா என்ற கவலை அப்போதும் தீரவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அரியலூரில் பெர்மனென்ட் வே ஆபீஸில் சப்-ஓவர்சியர். தண்டவாளம், கட்டை, ஜல்லி இவையெல்லாம் எங்கள் பொறுப்பு. மாதம் அறுபது ரூபாய் சம்பளம்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று அந்த மலை லைனை இரண்டு வருஷத்துக்கு முன்பே கழற்றிக் கப்பலேற்றியிருந்தார்கள். கழற்றுவதற்குப் போனவர்கள் எங்கள் அரியலூர் கேங் ஆட்கள். தண்டவாளம் போயிற்று, கட்டைகள் போயின, ஐந்து டன்னல்கள் மட்டும் நின்றன. யுத்தம் முடிந்தபின் மறுபடி லைன் போடலாமா, உள்சுவர் தாங்குமா என்று தட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்குத்தான் நான். பிப்ரவரி இரண்டாம் தேதி வரை கெடு கொடுத்திருந்தார்கள்.

எனக்கு முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மருதமுத்து. விக்கிரமங்கலத்துப் பக்கத்து ஆள், கேங்மேன். லைனைக் கழற்றி முடித்த பிறகு, டன்னலில் மிச்சமிருக்கும் இரும்பும் மரமும் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவனை மட்டும் வாட்ச்மேனாக விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் ரிலீஃப், அதாவது மாற்று ஆள், வருவான் என்று சொன்னார்களாம். அது 1942 மே மாதம். இருபது மாதமாகியும் யாரும் வரவில்லை.

2. அரியலூர் பிளாட்பாரத்தில்

நான் புறப்பட்ட திங்கட்கிழமை, அரியலூர் பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். பெயர் கலியபெருமாள். மருதமுத்துவுக்குத் தாய்மாமன். தம் மகள் செல்லத்தை அவனுக்கென்று பேசி வைத்திருந்தார். இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் பந்தக்கால் நட்டு, மாப்பிள்ளை வராமல் பிடுங்கினார்கள். அவன் கொடுத்த லீவு மனு இரண்டும் ‘மாற்று ஆள் இல்லை’ என்ற ஒரே வரியோடு திரும்பியிருந்தன.

அவர் நாலு பேர் கேட்கும்படியே ஆரம்பித்தார்.

“ஏங்க சார், எங்க மாப்பிள்ளைய அந்த மலைக்கே கட்டிக் குடுத்துட்டீங்களா? அப்படின்னா சொல்லிடுங்க, மொய்யாவது எழுதிட்டுப் போறேன்.”

போர்ட்டர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்க் குரலை இறக்கினார்.

“தை பதினேழு, ஞாயித்துக்கெழம. அன்னிக்கும் அவன் வரலைன்னா அதே பந்தல்ல வேற பையன உக்கார வச்சுடறதுன்னு பங்காளிங்க பேசி முடிச்சுட்டாங்க. கீழப்பழுவூர்ப் பையன். எனக்கு அக்கா மவன விட மனசில்ல. ஆனா பொண்ணுக்கு வயசு ஏறிக்கிட்டே போவுதுங்களே.”

பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

“அது ஒண்ணும் பேசறதில்லீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்வது என் வேலை இல்லைதான். ஆனால் ரயில் திருச்சி போய்ச் சேரும்வரை அந்தக் கடைசிப் பேச்சு காதிலேயே இருந்தது.

3. டன்னலுக்குள்

ஒவ்வொரு டன்னல் வாயிலும் மருதமுத்து நின்று விசில் ஊதினான். ஊதிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து பிறகுதான் உள்ளே காலை வைத்தான். ரயிலே இல்லாத லைனில் எதற்கு இது என்று கேட்டேன். “ரயிலுக்கு இல்ல சார், காட்டெருமைக்கு. மழைக்கு ஒதுங்கிப் படுத்திருக்கும். நாம சொல்லாம உள்ள போனா அதுக்குக் கோவம் வரும்” என்றான். அதன் பிறகு நானும் கூடவே காத்திருந்தேன். போதாது என்று தோன்றியதால் இன்னொரு தடவை ஊதவும் சொன்னேன்.

சுவரில் சுத்தியால் தட்டிக்கொண்டே நடந்தோம். செங்கல் கெட்டியாக இருந்தால் கிண்ணென்று கேட்கும். பின்னால் மண் நழுவிப் போயிருந்தால் பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். ரயில் வரும்போது ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்குச் சுவரில் மாடங்கள் விட்டிருப்பார்கள். மூன்றாம் டன்னலில் மட்டும் இருபத்து மூன்று மாடம். அது வளைந்து போகும் டன்னல். நடுவில் பன்னிரண்டாவது மாடத்தில் நின்றால் முன்னாலும் வெளிச்சம் தெரியாது, பின்னாலும் தெரியாது. வௌவால் நாற்றமும் நீர் சொட்டும் சத்தமும்தான்.

அந்த இடத்தில் வைத்துத்தான் கலியபெருமாள் சொன்னதைச் சொன்னேன். வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

 அவன் சுவரை ஒரு தட்டு தட்டினான்.

“இங்க கெட்டியா இருக்கு சார். எழுதிக்குங்க.”

அவன் குடிசை மூன்றாம் டன்னலின் மறுவாயில் இருந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து ஒரு அரக்குப் பட்டுச் சேலையை எடுத்தான். வந்த வருஷம் தீபாவளிக்குக் கீழே சந்தையில் இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு வாங்கியதாம். பிரித்து, உதறி, வேறு மாதிரி மடிக்க ஆரம்பித்தான்.

“ஒரே மடிப்புல கெடந்தா பட்டு அங்கயே வெட்டிக்கும் சார். வாரத்துக்கு ஒருதரம் மடிப்ப மாத்திடுவேன்.”

அறுபது தடவைக்கு மேல் மாற்றியிருப்பான் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. 

இன்றைக்கே புறப்பட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடலாமே என்றேன்.

“ரிலீஃப் இல்லாம எறங்குனா வேல போயிடும் சார். எங்கப்பன் பண்ணையில கூலிக்கு நெல்லு அளந்து வாங்குனவரு. எங்க வகையறாவுல மாசச் சம்பளம் பாத்தது நான் ஒருத்தன்தான். வேலைய விட்டுட்டு செல்லத்துக்கு எதுல சோறு போடறது?”

“ரிலீஃப் இருந்தா?”

“இருந்தா நான் ஏன் சார் இங்க ஒக்காந்து சேல மடிக்கிறேன்?”

அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

“நான்தான் ரிலீஃப். நீ கிளம்பு.”

அவன் சிரித்தான். “நீங்க ஓவர்சியரு சார்.”

“மாற்று ஆள் இல்லாம போகக் கூடாதுன்னுதான் ரூல்ல இருக்கு. அது எந்த ஆளுன்னு போடல.”

ரூல் புத்தகம் முழுவதையும் நான் படித்திருக்கவில்லை. எங்காவது போட்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம் சொன்ன நிமிடத்திலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். மறுநாள் விடிந்ததும் முறைப்படி சார்ஜ் கொடுத்தான். கை விளக்கு ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று, பச்சைக் கொடி ஒன்று, விசில், சுத்தி, பட்டாசு பன்னிரண்டு. பட்டாசு என்றால் வெடிக்கிற சிக்னல். ஆபத்துக் காலத்தில் தண்டவாளத்தின் மேல் வைப்பது. வைக்கத் தண்டவாளமே இல்லாத இடத்தில் பன்னிரண்டையும் ஈரம்படாமல் காப்பாற்றி வைத்திருந்தான்.

மொய் என்று அவன் கையில் ஒரு ரூபாய் வைத்தேன். திங்கட்கிழமை ராத்திரி ரயிலேறி, புதன்கிழமை காலையில் இங்கே நிற்பேன் என்றான். அந்தப் புதன் பிப்ரவரி இரண்டு. என் கெடுவுக்கும் அது சரியாக இருந்தது. சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு டன்னலுக்குள் போனான்.

4. காத்திருந்தது

முதல் ஆறு நாள் வேலையில் போயிற்று. ஐந்து டன்னலையும் தனியாகத் தட்டி முடித்தேன். பிப்ரவரி இரண்டு வந்தது. அவன் வரவில்லை. மூன்றும் வந்தது. நான்காம் தேதி வாசலில் உட்கார்ந்து டன்னல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் தேதி கீழ் ஸ்டேஷனிலிருந்து பியூன் ஒரு மெமோ கொண்டுவந்தான். உடனே அரியலூர் திரும்ப வேண்டும் என்று என் இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். பியூன் நல்ல மனுஷன். “எறங்கிடுங்க சார். இந்தக் காட்டுல யாரு வந்து பாக்கப் போறா?” என்றான். இறங்கியிருக்கலாம். இறங்கிய மறுநாள் ஒரு இரும்புத்துண்டு காணாமல் போனாலும் அது மருதமுத்துவின் தலையில்தான் விடியும். தாலி கட்டிய கையோடு வேலையில்லாமல் நிற்பான். ஒருவேளை தாலியே கட்டவில்லையோ, ரயிலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று இன்னொரு கவலையும் இருந்தது. மாற்று ஆள் வந்ததும் வருகிறேன் என்று ஒரு தந்தி எழுதிப் பியூனிடம் கொடுத்தேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. இருபது மாதமாக மருதமுத்து ஊருக்கு எழுதிவந்த வாசகத்தை இப்போது நான் எழுதியிருந்தேன்.

என் மனைவி அப்போது முதல் பிரசவத்துக்காகப் பெரம்பலூரில் தாய்வீட்டில் இருந்தாள். அங்கே போகும் பஸ் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடியது. ஞாயிறுதோறும் அதில் ஏறிப் போவேன். ஏற்றத்தில் நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும், சட்டையெல்லாம் கரியாகும். வாரா வாரம் அந்த பஸ்ஸைத் திட்டியிருக்கிறேன். மலையில் அந்தக் கரிப்புகை வாசனைக்கு ஏங்கினேன். அரியலூர் வெயில், செருப்பில் அப்பிக்கொண்டு வரும் சுண்ணாம்புப் புழுதி, உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர், எதையெல்லாம் குறை சொன்னேனோ எல்லாவற்றுக்கும் ஏங்கினேன். வாசலில் கரிபடிந்த சட்டையோடு நின்றால் அவள் முதலில் சட்டையைப் பார்ப்பாள், பிறகுதான் என்னைப் பார்ப்பாள். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் இருக்கும் நொடிக்காக ஒன்பது நாள் ஏங்கினேன்.

நான் ஒன்பது நாளில் இப்படி ஆனேன். அவன் இருபது மாதம் எப்படி இருந்தான் என்று ஒருநாளும் அவனைக் கேட்கவில்லை.

5. வந்தது

பிப்ரவரி பதினொன்று, வெள்ளிக்கிழமை, மத்தியானம். டன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வௌவாலைத் திட்டிக்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து வந்ததால் ஒரு திட்டு நாலு திட்டாகக் கேட்டது. அந்த டன்னலில் ஒரு பெண் பேசி நான் கேட்டதே இல்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

மருதமுத்து முன்னால் வந்தான். தலையில் மூட்டை, கையில் தீப்பந்தம். பின்னால் மஞ்சள் காயாத கயிற்றோடு செல்லம்.

“சார், ரிலீஃப் வந்துட்டேன்” என்றான்.  கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்திருந்தது. திரும்பும்போது பட்டாளத்து ஸ்பெஷல்களுக்காகப் பாசஞ்சர் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்திலேயே புருஷனும் பெண்டாட்டியும் எட்டு நாள் கிடந்திருக்கிறார்கள். திரும்பி விக்கிரமங்கலம் போகலாம் என்று அவன் சொன்னபோது அவள்தான் மறுத்தாளாம்.

செல்லம் குடிசையைச் சுற்றிப் பார்த்தாள். டன்னல் வாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீங்கதான் இவருக்குப் பதிலா இருந்த வாட்ச்மேனுங்களா?”

“ஏய், ஓவர்சியரு சாரு” என்று மருதமுத்து பதறினான்.

“வாட்ச்மேன்தாம்மா” என்றேன்.

“பட்டினியா கெடந்தவரு மாரி இருக்கீங்க. ஒக்காருங்க. வரகுச் சோறு கட்டியாந்திருக்கேன், தின்னுட்டுப் போவலாம்.” பிறகு அவன் பக்கம் திரும்பி, “இனிமே மாத்து ஆளு வரலைன்னு யாரும் பந்தக்கால புடுங்க வேணாம். நானே இங்க வந்துட்டேன்” என்றாள்.

விளக்கு, கொடிகள், விசில், சுத்தி, பட்டாசு பன்னிரண்டு. எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

6. பிறகு

அரியலூரில் இன்ஸ்பெக்டர் என்னை நிற்க வைத்தே விசாரித்தார். “ஓவர்சியர் வேலைக்குத்தானே உன்ன எடுத்தோம்? நீயா வாட்ச்மேன் ப்ரமோஷன் எடுத்துக்கிட்டியா?” என்றார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அதே பேனாவால் எனக்குத் தண்டனையும் மலைக்கு இரண்டாவது வாட்ச்மேன் போட மனுவும் எழுதினார். மனு மூன்று மாதத்தில் பலித்தது.

அந்த லைன் மறுபடி போடப்படவே இல்லை. டன்னல்கள் கெட்டியாகத்தான் இருக்கின்றன என்று நான் எழுதிய ரிப்போர்ட் எங்கே போயிற்றோ தெரியாது. மருதமுத்து பிற்பாடு அரியலூர் கேங்குக்கே மேஸ்திரியாக வந்து ஓய்வுபெற்றான். என் மனைவி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவளை நினைக்கும்போது நாங்கள் வாழ்ந்த வீடுகள் எதுவும் மனதில் வருவதில்லை. அவளை நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அந்தக் குடிசைதான் வருகிறது. மறுபடி ஒருமுறை அந்த வாசலில் உட்கார்ந்து, இறங்கிப் போனால் அவள் இருப்பாள் என்ற நிச்சயத்தோடு ஏங்க வேண்டும் போலிருக்கிறது.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ‘மாற்று ஆள் இல்லை’ என்று ஒரு மனுவில் எழுதுவதற்கு முன், மனுப் போட்டவனுடைய இடத்தில் ஒன்பது நாள் இருந்து பாருங்கள்.

அதற்கு எனக்கு ஆன செலவு: ஒன்பது நாள் சம்பளப் பிடித்தம், நாளுக்கு இரண்டு ரூபாய் வீதம் பதினெட்டு ரூபாய். அபராதம் ஐந்து. ஒரு வருஷம் தள்ளிப்போன இன்கிரிமென்ட், மாதம் நான்கு வீதம் நாற்பத்தெட்டு. தந்தி பன்னிரண்டு அணா. மொய் ஒன்று. ஆக மொத்தம் எழுபத்திரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா.