ஒன்பதாம் பாகத்தில் நடந்த விசேஷம்

ஆவணி, மூன்றாம் வாரம், திங்கட்கிழமை: பெரம்பலூர் வீட்டில் காலையில் என் மனைவி காலமானாள். நோய் கணையத்தில். மழை இல்லை.

புரட்டாசி, முதல் வாரம்: பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. கீழப்பழுவூரிலிருந்து வந்திருந்த அவளுடைய தங்கை, எல்லோரும் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாலைப் பேருந்தில் புறப்பட்டாள்.

ஐப்பசி, தீபாவளிக்கு மறுநாள்: அந்தத் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். கொரிய நாடகம் ஒன்று பன்னிரண்டாம் பாகத்தோடு நிற்பதாகத் தெரிவித்தாள். மொத்தம் பதினாறு பாகங்கள்.

கார்த்திகை, இரண்டாம் வாரம்: அந்நாடகத்தை முதல் பாகத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

நடந்தவை இவ்வளவே. கல்லூரியில் நிலவியல் கற்பித்த காலம் முழுவதும், கண்டதை ஒரு பத்தியிலும் கருதியதை வேறு பத்தியிலும் எழுதுமாறு மாணவர்களிடம் வற்புறுத்தியவன் நான். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களின் வெட்டுமுகத்தில் அவர்களை நிறுத்தி, முதலில் நிறத்தைச் சொல், பிறகு காரணத்தைச் சொல் என்பேன். இங்கும் அவ்வாறே தொடங்கியிருக்கிறேன். இனி வருபவை கருதியவை.

அக்காள் தங்கையின் ஏற்பாட்டை முதலில் விளக்க வேண்டும். கொழுந்தியாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணவருடன் கீழப்பழுவூரில் நெல்லும் கரும்பும் பயிர்செய்பவள். என் மனைவி தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள். அவர்கள் விரும்பிய நாடகங்கள் சிலவற்றுக்குத் தமிழ்க் குரல் கிடையாது. கீழே ஆங்கில வரிகள் மட்டும் ஓடும். பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் அவரவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரே பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஸ்பீக்கரைப் போட்டு, ‘ஒன்னு, ரெண்டு, மூணு’ என்று சேர்ந்து அழுத்துவார்கள். இங்கே அக்காள் வரிகளைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அங்கே தங்கை பார்ப்பாள். ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவள் முன்னே போவதில்லை. நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பேன். என்வரை வந்தது சிரிப்புச் சத்தம்தான்.

தீபாவளிக்கு மறுநாள் வந்த அழைப்புக்கு, “நீயே பாரேன். படந்தான் தெரியுதுல்ல?” என்றேன்.

“படம் தெரியுது மாமா. அதுங்க வாயத் தொறந்து என்ன பேசுதுன்னு யாரு சொல்லுவா? எங்க வூட்டுக்காரரா? டிராக்டர் சத்தத்துல அவருக்குப் பாதி காது போயிடுச்சு.”

“நான் அதெல்லாம் பாத்ததே இல்லையே.”

“காலேஜுல கல்லப் பாத்துப் பாடம் எடுத்தீங்கல்ல? கல்லு பேசுச்சா? இதாவது பேசுது.”

கருமாதிக்குப் பின் அவள் என்னைக் கேலி செய்தது அதுவே முதல் முறை. அக்காள் கணவனைக் கேலி செய்வது எங்கள் பக்கத்தில் கொழுந்தியாளின் உரிமை. அதை அவள் நாற்பது ஆண்டுகளாகக் குறைவின்றிப் பயன்படுத்தி வந்தவள். பிறகு குரல் தாழ்ந்தது.

“முடிவு தெரியாம வச்சிருக்கேன் மாமா. அக்கா வாயால கேக்கணும்னு இருந்தேன். இனிமே நீங்கதான் சொல்லணும்.”

ஒரு பணி என்று வந்தபின் முறையாகச் செய்வதுதான் எனக்குத் தெரியும். பதின்மூன்றாம் பாகத்தைச் சொல்ல வேண்டுமானால் முதல் பன்னிரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று தனியாக உட்கார்ந்தேன். கடலோரச் சிற்றூர் ஒன்றில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு முதியவர். நகரத்து வேலையை விட்டுத் திரும்பும் அவருடைய மகள். அவளை விரும்பும் இரு இளைஞர்கள். கதை எளியது. கதையைச் சுற்றி இருந்தவைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தன. இளையவன் பெரியவருக்கு மது ஊற்றிக் கொடுக்கும்போது வலக்கை முழங்கையை இடக்கையால் தாங்குகிறான். நம் வீட்டில் திருநீறு வாங்குகிறவர்களின் கை அது. பெரியவர் முன்னால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். குடிக்கலாம், ஆனால் குடிப்பது தெரியக் கூடாது. இந்த ஒப்பந்தம் பெரம்பலூரிலும் உண்டு, இங்கே முகத்துக்குப் பதிலாக ஆளே திரும்பிப் போய்விடுவான். மழையில் நனைந்தவர்கள் மறுநாள் தவறாமல் காய்ச்சலில் விழுகிறார்கள். எல்லா வீட்டுக் கதவுக்கும் எண் பூட்டு. ஆயினும் வேண்டாத மாமியார்களுக்கு அந்த எண் எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிலவற்றையும் எடுத்தேன். ஒரு ஜப்பானிய நாடகத்தில் தொலைபேசியில் பேசுகிறவர், கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குக் குனிந்து வணங்குகிறார். ஒரு சீன நாடகத்தில் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே அரண்மனைச் சண்டை முடிந்துவிடுகிறது. தாய்லாந்து நாடகம் ஒன்றில் வீட்டு வாசலில் ஆவிகளுக்கென்று சிறிய வீடு கட்டித் தினமும் தண்ணீர் வைக்கிறார்கள். அந்த நாடகத்தை நான் தொடரவில்லை.

பதின்மூன்றாம் பாகத்தை ஒரு புதன்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கினோம். நான் வரிகளைப் பிழையின்றி மொழிபெயர்த்தேன். ஆட்களைக் கதாநாயகன், கதாநாயகி என்றே குறிப்பிட்டேன்.

“‘என்னால் உன்னை மன்னிக்க இயலாது’ அப்படிங்கிறா.”

“இயலாதா? சண்டையில யாரு மாமா இயலாதும்பா? அக்கா சொன்னா, ‘போடா, ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்’னு வரும்.”

“அங்க அப்படி எழுதலையே.”

“அந்தப் பொண்ணு மூஞ்சியில எழுதியிருக்குல்ல, பாருங்க. சரி, யாருகிட்ட சொல்றா? ஆலத்தியூரான்கிட்டயா, எறையூரான்கிட்டயா?”

அப்போதுதான் தெரிந்தது, என் மனைவி எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தாள் என்பது. முகம் இறுகிய இளைஞன் ஆலத்தியூரான். அங்கே சிமெண்ட் ஆலை இருக்கிறது. எப்போதும் இனிக்க இனிக்கப் பேசுகிறவன் எறையூரான். அங்கே சர்க்கரை ஆலை. முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவள் ஒரு கொரியக் கடற்கரையைக் கொண்டுவந்து எங்கள் இரு மாவட்டங்களுக்கு நடுவே இறக்கி வைத்திருந்தாள்.

பாகம் முடியும் தறுவாயில் கொழுந்தியாள் கேட்டாள்: “ஏன் மாமா, பெரியவரு எப்பத்தான் திரும்பி வருவாரு?”

“எந்தப் பெரியவர்?”

“கடைக்காரரு. பொண்ணோட அப்பா. அக்கா சொல்லுச்சே, ஊரே சேந்து அவருக்குப் பாராட்டு விழா எடுத்துச்சு, அப்புறம் வைத்தியத்துக்கு மலைமேல இருக்குற மடத்துக்குப் போயிட்டாருன்னு.”

பிறகு சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். அந்த முதியவர் ஒன்பதாம் பாகத்தில் இறந்துவிட்டார். ஐயத்துக்கு இடமில்லாமல் இறந்தார். மகள் மருத்துவமனை நடைவழியில் தரையில் உட்கார்ந்து அழுத காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் ஒன்பதாம் பாகத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை கீழே ஓடும் வரிகளை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டேன். ஒரு மண்டபம். நடுவில் பெரியவரின் சிரித்த படம், சுற்றிலும் வெள்ளைப் பூக்கள். வாசலில் ஒரு மேசை. வருகிறவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார்கள், ஒருவர் பெயர் எழுதிக்கொள்கிறார். வந்தவர்கள் படத்தை விழுந்து வணங்குகிறார்கள். பிறகு தாழ்ந்த மேசைகளில் பந்தி. சிவப்பாக ஒரு குழம்பும் சோறும். மொய் உண்டு, பந்தி உண்டு, சிரித்த படம் உண்டு. பெரம்பலூரில் காதுகுத்துக்குக்கூட இதைவிடப் பெரிய படம் வைக்கிறார்கள். அதைப் பாராட்டு விழா என்று சொன்னால் நம்பாமல் இருக்கக் காரணமில்லை. என் மனைவி வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாள்.

ஏன் செய்தாள் என்பதே கேள்வி. ‘பாராட்டு விழா’ என்ற சொல்லை நான் இதற்கு முன் கேட்டிருந்தேன். வைகாசியில், திருச்சி மருத்துவர் பரிசோதனை முடிவைச் சொன்ன மறுநாள், வழக்கம்போல் மூன்று மணிக்கு அவள் நாடகத்துக்கு உட்கார்ந்தாள். அன்று சிரிப்புச் சத்தம் வரவில்லை என்பதால் நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். “ஊரே பாராட்டு விழா எடுக்குதுடி, பாரு எவ்வளவு கூட்டம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பழைய பள்ளியைப் பற்றிப் பேசுகிறாள் என்று எண்ணினேன். நோயைத் தங்கையிடம் இப்போது சொல்ல வேண்டாம், அறுப்பு முடியட்டும் என்று அன்று காலையில்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆடியில்தான் சொன்னோம். மருத்துவமனை அலைச்சலில் நாடகம் அதன்பின் மூன்று பாகங்கள்தான் நகர்ந்தது.

கொழுந்தியாளுக்கு முடிவு வேண்டும். அதை நான் சொல்ல வேண்டும். பெரியவர் இறந்துவிட்டார் என்று உள்ளபடி சொன்னால், என் மனைவி தன் தங்கையிடம் சொன்ன பொய்யை அவள் போன பிறகு நான் உடைத்தவனாவேன். அவளே கட்டிய மடத்தில் அவரை இருக்க விட்டால், காணாததை ஒருபோதும் எழுதாதவன் காணாததைச் சொல்ல வேண்டும். பதினான்காம் பாகத்தை முன்கூட்டியே பார்த்தேன். நிலைமை மோசமாயிற்று. மகள் மலைச்சரிவில் ஏறி, புல் வளர்ந்த வட்டமான மண்மேட்டின் முன் நின்று, கிண்ணத்தில் ஊற்றி வைத்து, இருமுறை விழுந்து வணங்குகிறாள். அந்த மேட்டை எந்த மடத்திலும் சேர்க்க முடியாது.

அடுத்த புதன்கிழமை வந்தது. ‘ஒன்னு, ரெண்டு, மூணு’ என்று அவளே எண்ணினாள். எறையூரான் இனிக்கப் பேசினான். ஆலத்தியூரான் மழையில் நனைந்தான். மலைச்சரிவு வந்தது.

“என்ன மாமா, சத்தத்தையே காணும்?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க.”

“இது மடத்துக்குப் பின்னாடி இருக்குற எடம். அவங்க அப்பாவுக்குப் புடிச்ச எடமாம். நல்லாக் காத்து வருமாம். அதனால பொண்ணு அங்க வந்து…”

அந்தப் பக்கம் கொரியக் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு கொழுந்தியாள் மெதுவாகச் சிரித்தாள்.

“அக்கா அளவுக்கு ஒங்களுக்கு வரல மாமா.”

“என்ன வரல?”

“அவரு ஒன்பதாம் எபிசோடுலயே செத்துட்டாரு. எல்லாரும் கருப்புத் துணி. பொண்ணு தலையில வெள்ளையா என்னமோ சொருகியிருக்கு. பந்தியில ஒருத்தரும் எல நெறையல, கொழம்பு சரியில்லன்னு கொற சொல்லல. விசேச வூட்டுக்கும் எழவு வூட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு?”

“அப்ப ஏன் கேட்ட, எப்ப வருவாருன்னு?”

“நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்.”

“அக்காகிட்ட அன்னிக்கே கேட்டிருக்கலாமே.”

திரையில் மகள் இரண்டாம் முறை எழுந்து நின்றாள்.

“எத்தன நாடகம் பாத்திருக்கோம். எத்தன பேரு செத்திருக்காங்க. ‘போய்ச் சேந்துட்டான்டி, நல்லா வேணும்’னு அக்கா சொல்லிட்டு முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கும். அன்னிக்கு மட்டும் செத்துட்டாருன்னு சொல்ல அதுக்கு வாயி வரல. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு மாமா. என்ன நோவுன்னு தெரியாது. பெருசா என்னமோன்னு தெரிஞ்சுச்சு.”

வைகாசியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவள் கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் போய் இன்னொரு பஸ் மாறி வந்தது நினைவுக்கு வந்தது. தூக்குவாளியில் ஏதாவது இருக்கும். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்பாள். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியாமல் நாங்கள் இருவர் மறைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரியாமல் அவள் ஒருத்தி மறைத்துக்கொண்டிருந்தாள். பந்தியில் குறை சொல்ல ஆளில்லை என்பதை நான் இருமுறை பார்த்தும் குறித்துக்கொள்ளவில்லை.

“அக்காவுக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியும்னு?” என்றேன்.

“யாருக்குத் தெரியும். கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. இப்பக் கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க மாமா. அந்தப் பொண்ணு மேட்டுகிட்ட என்ன பேசுச்சு, உள்ளதச் சொல்லுங்க.”

இருவரும் மலைச்சரிவின் தொடக்கத்துக்குப் போனோம். எண்ணி அழுத்தினோம்.

“இன்னிக்குக் கடையத் தொறந்துட்டேன் அப்பா. குழம்புல உப்புக் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு. எல்லாரும் நல்லா இருக்குன்னு பொய் சொல்லிட்டுச் சாப்புட்டாங்க.” வரிகளில் அவ்வளவுதான் இருந்தது. நான் ஒன்றும் கூட்டவில்லை.

“ம்,” என்றாள். சற்றுக் கழித்து, “இது நல்லாச் சொன்னீங்க,” என்றாள். இன்னும் சற்றுக் கழித்து, “ஆனா ஆலத்தியூரான ‘கதாநாயகன்’னு இன்னொரு தரம் சொன்னீங்கன்னா போன வச்சுடுவேன்,” என்றாள்.

இன்னும் செய்யாதவை:

பதினைந்து, பதினாறாம் பாகங்கள். முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு.

அந்தப் பெண் இருவரில் யாரைக் கட்டுவாள் என்று என் மனைவி சொல்லியிருந்தாள் எனக் கேட்பது. முடிவு வருவதற்கு முன் கேட்க வேண்டும்.

இங்கேயே தங்கிவிட்ட தூக்குவாளியைக் கீழப்பழுவூரில் சேர்ப்பது. வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. என்ன வைப்பது என்று தெரியவில்லை.

என் மனைவியின் படத்துக்குச் சட்டம் போடுவது. எந்தப் படம் என்று ஸ்டூடியோக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். சிரித்த படமாக இருக்கலாமா என்று அவள் தங்கையைக் கேட்க வேண்டும்.