வாய்க்கால் பாசி பூத்த நேரம்

குடிகாட்டுச் செல்லாயிக்குக் கல்லூரி வேலை கிடைத்தது புருஷன் போன பிறகுதான். தேவசகாயம் கடலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் அட்டெண்டராக இருந்தவர். 2004இல் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோக, வாரிசு வேலையாக அதே இடம் அவளுக்கு வந்தது. எட்டாவது படித்தவள். அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஒரே மகள் இசைவாணி அப்போது ஒன்பதாவது.

மைக்ராஸ்கோப் துடைப்பது, ஜாடி கழுவுவதெல்லாம் சுலபம். பிராக்டிகல் நாளில் பூ கொண்டுவருவதுதான் திண்டாட்டம். பேராசிரியை மாலதி தரும் பட்டியலில் எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். முதல் வாரம் 'லூக்கஸ்' வேண்டும் என்றார் மாலதி. செல்லாயி விழித்தாள். மாலதி சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினார். நம்ம தும்பை. அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டாள்: இடது பக்கம் மேடம் சொல்லும் பெயர், வலது பக்கம் தான் சொல்லும் பெயர்.

களை என்று பிடுங்கி வரப்பில் வீசிய செடிகள்தான் எல்லாம். வேர் தெரியும், இலை தெரியும். பூவைப் பிளந்து பார்த்ததில்லை. ஒரு மதியம் ஆளில்லாத லேபில் எருக்கம்பூவை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். மகரந்தம் தூளாக இல்லை. ஒரு சோடிப் பையாக, நடுவில் முடிச்சுப் போட்டுக் கட்டியதுபோல இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததுகூட அவள் காதில் விழவில்லை.

மூன்று வருஷத்தில் பட்டியலே தேவைப்படவில்லை. கெடிலம் ஆற்றங்கரையில் ஊமத்தை எப்போது பூக்கும், செம்மங்குப்பம் ரோட்டோரத்தில் ஆவாரை எந்த வாரம் மஞ்சளாகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. துளசிக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறிய பிள்ளைகளிடம், "தண்டத் தடவிப் பாருங்க, நாலு பட்டையா இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

2010 பிப்ரவரியில் இசைவாணி அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை கருவாட்டுக் குழம்போடு மகளைப் பார்க்கப் போனாள் செல்லாயி. மகளுக்கு மதியம் வரை வகுப்பு. பக்கத்து வாய்க்கால் கரையில் புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் தெளிந்து கிடந்தது. உள்ளே நாடா மாதிரி நீளமான பாசி ஆடிக்கொண்டிருந்தது. மேலே யாரோ கோலமாவைச் சலித்துக் கொட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகப் பொடி. குனிந்து பார்த்தாள். அடியிலிருந்து பொட்டுப் பொட்டாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே வந்ததும் ஒவ்வொன்றும் விரிந்து, காற்று தள்ளிய பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நூல் போன்ற காம்புகளின் நுனியில் அங்கங்கே சின்னப் பூக்கள். அவற்றைச் சுற்றித் தண்ணீர் லேசாகக் குழிந்திருந்தது. வெள்ளைப் பொடி அந்தக் குழியில் சரிந்து பூவோடு ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வருஷா வருஷம் மாலதி கரும்பலகையில் வரையும் வாலிஸ்னேரியா இதுதான். வண்டும் இல்லை, தேனீயும் இல்லை. ஆண் பூ செடியிலிருந்து அறுத்துக்கொண்டு, தானே மிதந்து பெண் பூவைத் தேடிப் போகிறது.

திங்கட்கிழமை சொன்னபோது மாலதி வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார்.

"நெஜமாவே கண்ணால பாத்தீங்களா?"

"பக்கத்துல குந்தி பாத்தேன் மேடம். ஒரு மணி நேரம்."

மாலதி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "பத்தொம்போது வருஷமா இத நடத்துறேன் செல்லாயிம்மா. நான் ஒருநாள்கூட பாத்ததில்ல."

அடுத்த சனிக்கிழமை இருவரும் போனார்கள். அன்றைக்குப் பலத்த காற்று; வாய்க்கால் முழுக்க அலை, ஒன்றும் தெரியவில்லை. மாலதி குறை சொல்லவில்லை. செல்லாயிக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. திரும்பும் பஸ்ஸிலேயே, பாசியைக் கல்லூரிக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

சேற்றோடு பெயர்த்துவந்த முதல் பாசி குழாய்த் தண்ணீரில் அழுகிப்போனது. இரண்டாம் முறை வாய்க்கால் தண்ணீரையே கேனில் பிடித்துவந்தாள். பாசி பிழைத்தது, நூல்காம்பில் பூவும் வந்தது; ஆனால் பொடி மிதக்கவில்லை. அடியில் துழாவிப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. அவள் கொண்டுவந்தது அத்தனையும் பெண். மூன்றாவது பயணத்தில் அடித்தண்டில் ஆண் மொட்டுகள் அடைந்த சின்னப் பை இருந்த செடிகளாகப் பொறுக்கி வந்தாள்.

மார்ச் கடைசியில் ஒரு காலை, பத்தரை மணி. கிழக்கு ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் முதல் பொட்டு மேலே வந்தது. அப்புறம் நூறாக வந்தன. வகுப்பே தொட்டியைச் சுற்றி நின்றது. மாலதி பாடத்தை நிறுத்திவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்று பின்னால் போய் நின்றுகொண்டார். செல்லாயி தான் கண்டதைக் கண்டபடி சொன்னாள். சில நாளில் பெண் பூவின் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு, பூவைச் சேற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டது. காய் அங்கேதான் முற்றும். இதன் முன்னோர்கள் தரையில் வளர்ந்தவை, தண்ணீருக்குள் குடிபோன பிறகும் பூக்கிற வழக்கத்தை விடவில்லை என்று மாலதி விளக்கினார்.

அந்த வருஷத் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் தொட்டியைப் பார்த்து, எந்த ஆராய்ச்சி மாணவர் செய்தது என்று கேட்டார்.

"எங்க செல்லாயிம்மா" என்றார் மாலதி.

தேர்வாளர் எழுந்து, ஜாடி கழுவிக்கொண்டிருந்தவளிடம் வந்து எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

2011 கடைசியில் அடித்த 'தானே' புயலில் ஜன்னல் பெயர்ந்து தொட்டிமேல் விழுந்தது. செல்லாயி கண்ணாடிச் சில்லைக் கூட்டி அள்ளினாள். பிப்ரவரி பிறந்ததும் கேனை எடுத்துக்கொண்டு அதே வாய்க்காலுக்குப் போனாள். இந்த முறை இரண்டு தொட்டி. ஒன்று லேபுக்கு. இன்னொன்றைச் சிதம்பரத்தில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு அந்தத் தேர்வாளரே கேட்டு வாங்கினார். விளக்கிச் சொல்ல அவளும் வர வேண்டும் என்றார்.

தொட்டிக்கு முன்னால் அட்டையில் எழுதியிருந்தது: 'அமைத்தவர்: தே. செல்லாயி, தாவரவியல் துறை.' பட்டம் முடித்திருந்த இசைவாணி செல்போனில் அதைப் படமெடுத்தாள். அட்டெண்டர் என்று போடவில்லையே என்று செல்லாயி கேட்டாள். அது வேண்டாம் என்று மாலதி மேடம்தான் சொன்னார் என்றார் தேர்வாளர்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். ஒன்றும் காணோமே என்றாள் ஒரு சிறுமி.

செல்லாயி கடிகாரத்தைப் பார்த்தாள்: பத்து இருபது. "அவசரப்படாத கண்ணு. இன்னும் பத்து நிமிஷம் நில்லு, வரும்."