என் கணக்கில் விழுந்த இன்னொருத்தியின் டெபாசிட்

போன வருடம் ஆடி மாதம், ஆந்திராவில் திருப்பதிப் பக்கம் புத்தூரில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை பார்த்தேன். ஆர்டர் குறைந்ததும் எங்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். கணவர் புத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறார். அவரை அனுப்பிவிட்டு, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கைபேசியில் வேலை தேடுவதே என் வேலையாகிப் போனது.

அப்படிக் கிடைத்ததுதான் 'வீட்டிலிருந்தே அக்கவுண்ட்ஸ் உதவியாளர்' வேலை. நான் பி.காம். படித்தவள். முன்பணம் கேட்டால் மோசடி என்று எனக்கும் தெரியும். இவர்கள் ஒரு பைசா கேட்கவில்லை, அதனாலேயே நம்பிவிட்டேன். நேர்காணல் வாட்ஸ்அப்பில், வேலைக்கான ஆர்டரும் வாட்ஸ்அப்பில். ஆபீஸ் எங்கே என்று கேட்டால் பெங்களூரு என்பதோடு சரி. கம்பெனிக் கணக்கை ஆடிட்டுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அதுவரை கஸ்டமர் பணம் என் கணக்குக்கு வரும், அவர்கள் சொல்லும் எண்ணுக்கு நான் மாற்றிவிட வேண்டும், எனக்குக் கமிஷன். ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன்.

முதல் நாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கைபேசியில் பணம் வந்த சத்தம் கேட்ட உடனே கம்பெனி ஆளிடமிருந்து போனும் வந்தது.

"மேடம், அமௌண்ட் வந்துச்சா? சீக்கிரம் மாத்துங்க, கஸ்டமர் வெயிட்டிங்."

ரகசிய எண்ணை அழுத்தப் போனவள், யார் அனுப்பியது என்று பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே அவள் எழுதியிருந்தது: ஜாப் யூனிஃபார்ம் டெபாசிட்.

கஸ்டமர் எதற்கு யூனிஃபார்முக்குப் பணம் கட்ட வேண்டும்? அவரிடமே கேட்டேன். அதுவரை இருந்த குழைவு போய்விட்டது. "அது உங்க வேலை இல்ல. மாத்துங்க." போனை வைத்துவிட்டேன். அடுப்பை அணைத்தேன். உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தேன். பணம் அனுப்பியவருக்கு, பணம் வந்த ஆப்பிலேயே எழுதலாம். "இது எதுக்கு அனுப்பினீங்க?" என்று எழுதினேன்.

உடனே பதில். "வேலைக்குத்தான் மேடம். நீங்க சொன்னபடி கட்டிட்டேன். எப்போ ஜாயின் பண்ணணும்?"

அவளைப் பொறுத்தவரை அந்த மேடம் நான்தான்.

நம்பர் வாங்கிப் பேசினேன். சூளூர்பேட்டைப் பெண், என்னைவிடச் சின்னவள். என்ன நடக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். "கம்மல வெச்சிட்டு கட்டினேன்க்கா. எனக்கே திருப்பி அனுப்பிடுக்கா, உனக்குப் புண்ணியமா போவும்."

இதற்குள் வேறு வேறு எண்களிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்தால் மிரட்டல். "உன் ஆதாரும் அக்கவுண்டும் எங்ககிட்ட இருக்கு. போலீஸ் வந்தா உன்னத்தான் பிடிக்கும்." பயமுறுத்தவே சொன்னான், ஆனால் அது உண்மை. என் பெயர், என் கணக்கு. அவன் யாரென்றே எனக்குத் தெரியாது.

கணவரைக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இன்னாத்துக்கு அழுவுற? அந்தப் பணத்தத் தொடாத. பேங்குக்குப் போ, நான் வந்துக்கினே கீறேன்" என்றார்.

வங்கியில் என் கணக்கை முடக்கினார்கள். நாமாகத் திருப்பி அனுப்பக் கூடாது, புகார் பதிவானால்தான் இருவருக்கும் பாதுகாப்பு என்று சொல்லி, திருப்பதி சைபர் போலீசுக்கு அனுப்பினார்கள். சூளூர்பேட்டைப் பெண்ணையும் அங்கே வரச் சொன்னேன். அம்மாவோடு வந்தாள். ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம்; அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியுமா? அவளுடைய பணம் என்னிடம்தானே இருந்தது! என்னைத் துருவித் துருவி விசாரித்தார்கள். கடைசியில், பணத்தை மாற்றாமல் விட்டதற்காக, விசாரித்த அதிகாரி தெலுங்கில் "மஞ்சி பனி சேசாரம்மா" என்றார். நல்லது செய்தேன் என்கிறார்.

கணக்கு முடங்கிய வாரங்களை ஆட்டோ வருமானத்தில் ஓட்டினோம். வாசலில் பைக் நின்றால்கூட போலீஸோ என்று எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அந்தச் சூளூர்பேட்டைப் பெண்ணே கூப்பிட்டாள். "போலீஸ் மூலமா பணம் வந்துடுச்சிக்கா. கம்மல மீட்டுட்டேன். அன்னிக்கி உன்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல, மனசுல வெச்சிக்காத." அதற்கப்புறம்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அந்த ஆட்கள் இதுவரை பிடிபடவில்லை. நாம் ஏமாந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் அதுவரை பயந்திருந்தேன். அன்று கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால், முகம் தெரியாத ஒருத்தியை ஏமாற்றியது என் கையாகவே இருந்திருக்கும் என்ற நினைப்பு என்னை இன்னும் சும்மா உட்கார விடுவதில்லை.