பூசை நாளுக்கு ஒதுக்கிய பேரிங்

விராலிமலைப் பக்கம் ஒரு கல் உடைக்கிற கிரஷரில் வேலை கேட்டுப் போனபோது, அதுவரை என்னென்ன செய்தேன் என்று முதலாளி கேட்டார். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் ரப்பர் பால் வெட்டு, அப்புறம் போர்வெல் லாரி என்றேன். "ஒரு எடத்துல தங்க மாட்ட போலயே" என்றார். ஒரு தாளைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் ஜல்லி அள்ளுவதோடு மெஷின் நோட்டு எழுதும் வேலையும் வந்து சேர்ந்தது. மெஷின் எப்போது நின்றது, என்ன காரணம், எப்போது மறுபடி ஓடியது என்று எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா தூசியில் அடைத்துக்கொள்ளும். பென்சிலால்தான் எழுதினேன்.

அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவர் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர். ஐம்பது தாண்டிவிட்டது, கண்ணும் கொஞ்சம் மங்கல். பாறையை முதலில் கடித்து உடைக்கிற ஜா மெஷினிடம்தான் காலையில் நேராகப் போவார். அது நின்றால் பின்னால் இருக்கிற எல்லாமே நிற்கும். அதன் பேரிங் மூடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். புரட்டாசி பிறந்ததிலிருந்து, வைத்த கையை உடனே எடுத்துவிட ஆரம்பித்தார்.

"எழுதிக்கப்பா. சூடு தாங்கல. ஒரு நாள் நிறுத்தி மாத்தியாகணும். இல்லாட்டி உள்ள சுத்துற தண்டையும் சேத்துக் கடிச்சிரும்."

எழுதினேன். முதலாளி நிறுத்தவில்லை. சாலை வேலைக்கு ஜல்லி ஏற்ற வாசலில் எப்போதும் லாரிகள் நின்றன. இதே மெஷின் திடீரென்று நின்றதற்கு முந்தைய பிட்டரைப் பொறுப்பாக்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த வயதில் வெளியே போனால் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று இவருக்குத் தெரியும். அதனால் தினமும் என்னை எழுதச் சொன்னார்.

எந்த மெஷினை எப்போது நிறுத்தி எந்த வேலையைச் செய்வது என்று திட்டம் போட, கீரனூரிலிருந்து பஸ்ஸில் ஒரு என்ஜினியர் பெண் வந்துகொண்டிருந்தார். மெஷினை நிறுத்த முதலாளியிடம் ஒரு நாள் கேட்டுக் கேட்டு அவரும் அலுத்துப் போனார். கடைசியில் அவரே ஒரு நாளைக் கண்டுபிடித்தார். ஆயுத பூசை.

"அன்னைக்கு எப்படியும் மெஷின் ஓடாது சார். பிட்டர் அண்ணன் கிறிஸ்டியன், அவருக்கு லீவு வேணாம். கூட நாலு பேரு இருந்தா முடிஞ்சிரும்."

முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிட்டரும் தலையாட்டினார். யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. நானும்தான்.

பூசையன்று மெஷினைக் கழுவிச் சந்தனம் பூசி வாழைக்கன்று கட்டினோம். அதன் முன்னால் இலை விரித்து ஸ்பேனர்கள், சம்மட்டி, செயின் பிளாக், கிரீஸ் கன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். என் நோட்டுக்கும் பொட்டு வைத்து அங்கேயே வைத்துவிட்டார்கள். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடிய மத்தியானம் ஆனது.

"ஆரம்பிக்கலாமாண்ணே?" என்றார் என்ஜினியர் பெண்.

"எதை வச்சும்மா?" என்றார் பிட்டர்.

அந்தப் பெண் அப்போதுதான் இலையைப் பார்த்தார். மறுநாள் காலையில் பூசை எடுக்கும்வரை அதிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொட மாட்டார்கள்.

"நீங்க எடுக்கலாம்லண்ணே? ஒங்களுக்கு இதெல்லாம் கெடையாதே."

"எனக்குக் கெடையாதும்மா. இங்க இருக்கிறவங்களுக்கு இருக்குல்ல. பூசையில இருக்குற ஸ்பேனர வேதக்காரன் எடுத்தான்னு வைங்க, அடுத்த வருசம் வரைக்கும் எவன் கால் சுளுக்குனாலும் அதுக்கு நாந்தான் காரணம்."

லோடர் ஓட்டுகிறவர் பொரியை மென்றுகொண்டே, "மேடம் ஹேர்பின்னக் குடுங்க, கழட்டிப் பாப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுப் போய் முதலாளியிடம் கேட்டார். காலையில் பூசை எடுத்ததும் பார்க்கலாம் என்றார் முதலாளி. காலையில் லாரிகள் வந்து நின்றுவிட்டன. ஸ்பேனர்களைக் கும்பிட்டு எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மெஷினை ஓட்டச் சொன்னார்.

மூன்றாம் நாள் பேரிங் புகைந்து இறுகி நின்றது. பிட்டர் சொன்னபடியே தண்டும் போயிருந்தது. அதைத் திருச்சிக்கு லேத்துக்கு அனுப்பினார்கள். எட்டு நாள் கிரஷர் முழுவதும் நின்றது. அத்தனை நாளும் எங்களுக்குக் கூலி இல்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயும் பன்னுமாகச் சமாளித்தேன்.

முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பிட்டரும் என்ஜினியர் பெண்ணும் அங்கேயே நின்றார்கள்.

"காரணம்னு இருக்குற எடத்துல, பிட்டர் கவனக்குறைவுன்னு எழுது."

பிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெரிய தைரியம் ஒன்றும் கிடையாது. எப்படியும் ஊரை விட்டுப் போகிறவனுக்கு அது அதிகம் தேவைப்படுவதுமில்லை. நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"எழுதுறேங்க. மேல எழுதியிருக்கிறத என்ன செய்யட்டும்னு சொல்லுங்க."

ஒரு மாதமாகத் தினமும் ஒரே வரி. பேரிங் சூடு, பிட்டர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தவில்லை. முதலாளி பக்கங்களைப் புரட்டினார்.

"நாள் குறிச்சது நான்தான் சார். அவரில்ல" என்றார் என்ஜினியர் பெண்.

முதலாளி பிட்டரைப் பார்த்தார். "அப்ப எந்த நாள்லதான்யா நிறுத்துறது?"

"ஓடுற நாள்லதாங்க. நல்லா ஓடிக்கிட்டிருக்கிறப்பவே, மாசம் ஒருக்கா."

"லாரிக்காரனுக்கு நீ பதில் சொல்றியா?"

"நான் சொல்றேன் சார்" என்றார் அந்தப் பெண். "தேதிய முன்னாடியே சொல்லிட்டா அன்னைக்கு அவங்க வேற எங்கிட்டாவது ஏத்திக்குவாங்க."

"பாப்போம்" என்று சொல்லி முதலாளி நோட்டை மேசைக்குள் போட்டுப் பூட்டினார். அது திரும்பி வரவில்லை. அதன் பிறகு எனக்கு மண்வெட்டி மட்டும்தான்.

தண்டு வந்து பூட்டிய அடுத்த மாதம், அந்தப் பெண் சொன்ன தேதியில் மெஷினை நிறுத்தினார்கள். முழு நாள் கேட்டதற்கு அரை நாள் கிடைத்தது. பிட்டர் அதற்குள் முடிந்ததைச் செய்தார். முடியாததை என்ஜினியர் பெண் அடுத்த மாதத்துக்கு எழுதிக்கொண்டார். வேலை முடிந்து பிட்டர் வேஸ்ட் துணியில் கை துடைத்தபோது லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தன. அவர் அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

அடுத்த வாரம் மீமிசலில் மீனுக்கு ஐஸ் உடைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நான் பஸ் ஏறினேன்.