மழையில் மனை காட்டியவன்

நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. வானம் மூட்டம், விட்டு விட்டுத் தூறல், காற்று இல்லை. கைபேசியில் யாரோ ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார்கள். கவரைப்பேட்டைக்கு மேற்கே புதிய மனைப்பிரிவு. வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்து முன்பணம் கட்டலாமாம். பறக்கும் கேமராவில் எடுத்த படம். வெள்ளையடித்த கற்களை எண்ண ஆரம்பித்தேன், நாற்பத்திரண்டு வரும்போது படம் திரும்பிவிட்டது. மேலிருந்து பார்த்தால் எந்த மனையும் நல்ல மனைதான். கேமராவுக்குக் கால் நனையாது.

நேற்று நனைந்த என் செருப்பை மனைவி அடுப்படி ஓரம் காய வைத்திருக்கிறாள். சூடு பட்ட ஈர ரப்பர் நாற்றம் வீடெல்லாம். உங்களுக்கு அது நாற்றம். எனக்கு அது நான் தரகனாக இருந்த காலம்.

அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் டைம் ஆபீசில் இருபத்தாறு வருடம் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம் என்று எழுதுகிற வேலை. எண்ணுகிற வியாதி அங்கே பிடித்தது. இன்னும் மாடிப்படி ஏறினால் எண்ணுகிறேன். ஆலையை மூடியபோது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்த வயதில் வேலை தேடினால் காவலாளிச் சட்டையைத்தான் நீட்டுவார்கள். அதனால் ராமய்யாவிடம் போனேன். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், நிலத்தை வாங்கிக் கூறு போட்டு விற்பவர், எல்லோரையும் ‘நைனா’ என்று கூப்பிடுவார்.

முதல் நான்கு மாதம் ஒரு மனைகூட விற்கவில்லை. மற்ற தரகர்கள் ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து, எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து, கூல்டிரிங்ஸ் உடைத்து, வெயிலில் மின்னும் கல்லைக் காட்டி விற்றார்கள். நான் உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். பொன்னேரிக்காரர் ஒருவர், “இதுல உனுக்கு இன்னா கெடைக்கும்?” என்று கேட்டார். இரண்டு பர்சன்ட் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவ்ளோ கரெக்டா சொல்றியே, அப்ப மறைக்கிறது எவ்ளோ?”

 அவரும் வாங்கவில்லை.

பிறகு பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கன்னியப்பன் வந்தார். மீன் பிடிப்பவர். ஞாயிறு, திங்கள் எல்லாம் அவருக்குக் கிடையாது. புயல் எச்சரிக்கை வந்து படகை ஏற்றிக் கட்டினால்தான் விடுமுறை. ஆகவே மனை பார்க்க அவரும் அவர் மனைவியும் வந்த நாளில் மழை கொட்டியது. நான் கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். மேற்கு வரிசை முழுக்கத் தண்ணீர். மறைக்க ஏது வழி? “இந்த வரிசை வேணாம், நிக்கும்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் நிற்காத கிழக்கு வரிசைக்குக் கூட்டிப்போனேன். கன்னியப்பன் மனைவியிடம் சொன்னார்:

“மழைல இட்னு வந்து காட்றான் பாரு. இவனுக்கு ஏமாத்தத் தெரியாதுமே.”

பாராட்டா கேலியா என்று யோசித்துக்கொண்டே முன்பணத்தை வாங்கினேன்.

ராமய்யா குதித்தார். “மழைல எவனாச்சும் மனை காட்டுவானா நைனா? உனுக்கு மூள கீதா?” ஆனால் கன்னியப்பன் சொல்லி அவர் குப்பத்திலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள், எல்லோரும் மழை நாளில். அவர்களைப் பார்த்து ஆலைத் தொழிலாளிகளும் வந்தார்கள். அந்தப் பருவத்தில் பதினொரு மனை விற்றேன். என்னை ‘மழை சாரு’ என்றார்கள். ராமய்யா விளம்பரப் பலகையில் ‘மழையிலும் பார்க்கலாம்’ என்று எழுதவே எழுதிவிட்டார். இரண்டு வருடம் என் வாய்ச்சொல்லுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு விலை இருந்தது.

அந்த விலையில் வாங்கியவன்தான் தாஸ். எங்கள் ஆலையில் கிரேன் ஓட்டியவன். அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஆலை கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“பத்தொம்பதாம் நம்பர நீ மழைல பாத்தியா சாரு?”

“மூணு நாள் பேஞ்ச பிறகு பார்த்தேன். காய்ஞ்சு கிடந்தது.”

“அப்ப நான் இன்னாத்துக்கு வந்து பாக்கணும்?”

பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது நினைத்தால் எரிகிறது.

மனைகளுக்குத் தெற்கே ஒரு பள்ளம் இருந்தது. மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏரிக்குப் போகும். அதுவும் ராமய்யாவின் நிலம். அடுத்த கோடையில் அதைக் கிடங்கு கட்ட ஒருவருக்கு விற்றார். ஆறடிக்கு மண் கொட்டி மேடாக்கி, சுற்றி மதில் எழுப்பினார்கள். அதற்குள் தாஸ் அஸ்திவாரம் போட்டு முடித்திருந்தான். மழை வந்தது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி வந்து அஸ்திவாரத்தின் மேல் நின்றது.

நான் போனபோது தாஸ் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். “வா சாரு. ஊட்டோட ஒரு போட்டும் வாங்கிக் குடுத்துடு” என்றான். சிரிக்கவில்லை. ஸ்டெல்லா தொடையளவுத் தண்ணீரில் நின்றாள்.

“அண்ணா, நீங்க பாத்த அன்னிக்கு தண்ணி இல்ல தானே?”

“சத்தியமா இல்லம்மா.”

“தெரியும்ணா. இப்ப கீது.”

ராமய்யாவிடம் ஓடினேன். “என் நெலம், வித்தேன். அன்னிக்கு தண்ணி நிக்கல, இன்னிக்கு நிக்குது. வானத்தப் போயி கேளு நைனா” என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. வக்கீலுக்கும் பணம் கொடுத்து அதைத் தெரிந்துகொண்டேன்.

பத்தொன்பதாம் நம்பரை நானே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். நாங்கள் அன்றும் வாடகை வீடு, இன்றும் வாடகை வீடு. சொந்த வீட்டுக்கென்று வங்கியில் போட்டிருந்த பணம் அது. மனைவி கேட்டாள்: “அந்தத் தண்ணிய நீங்களா கொண்டாந்து உட்டீங்க?” கூட்டுக் கணக்கு என்பதால் அவளும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, போட்டாள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் என் சொல் காப்பாற்றப்படும் என்று நம்பினேன் பாருங்கள், அங்கேதான் கணக்கு உதைத்தது. தாஸ் ஒருநாள் கவரைப்பேட்டை நடைமேடையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். நானே போய்ப் பேசினேன்.

“நீ குடுக்காமயே இருந்திருக்கலாம் சாரு. தப்பு பண்ணாதவன் எதுக்கு துட்டு தரான், தெரிஞ்சேதான் வித்துகிறான்னு டீக்கடைல பேசிக்கினு கீறானுங்க. இன்னான்னு சொல்றது நானு?”

“நீ என்னப்பா நினைக்கிற?”

ரயில் வந்தது. ஏறிக்கொண்டான்.

அடுத்த மழைக்கு ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஏற்கெனவே விற்ற மனைக்காரர்கள் மட்டும் வந்தார்கள், தங்கள் மனையும் முங்குமா என்று கேட்க. ஆலை இருந்த இடம் இன்று கன்டெய்னர் நிறுத்துமிடம். பள்ளம் இருந்த இடத்தில் இரண்டாவது கிடங்கும் எழும்பிவிட்டது. ஸ்டெல்லாவும் தாசும் திருவள்ளூர்ப் பக்கம் வேறு தரகர் மூலம் மனை வாங்கி, வீடு கட்டிப் போய்விட்டார்கள். கிரகப்பிரவேசப் பத்திரிகை எனக்கு வரவில்லை. பத்தொன்பதாம் நம்பர் என் பேரில் இருக்கிறது, ஆகாயத்தாமரையோடு. மனை விலை, தாஸ் போட்ட அஸ்திவாரம், இரண்டு தடவை பத்திரப் பதிவு எல்லாம் சேர்த்து, அதில் நான் வாங்கிய கமிஷனைக் கழித்தால், எனக்கு ஆன செலவு எட்டு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூறு ரூபாய்.